மகள் மாதிரிதான், ஆனால் மணி பார்த்து

கேள்வி: எங்களுக்கு 5 வயதில் ஒரு மகள், 14 மாதத்தில் ஒரு மகன். நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். அடுத்த மாதம் 20 வயதில் ஒரு ஓபேர் பெண் எங்கள் வீட்டுக்கு வருகிறாள் (வேறு நாட்டிலிருந்து வந்து ஒரு குடும்பத்தோடு தங்கி, சாப்பாடு, தங்குமிடம், கைச்செலவுப் பணத்துக்குப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவர்களை ஓபேர் என்கிறார்கள்). ஒரு வருடம் எங்களோடு தங்கப்போகிறாள். ஏஜென்சி ஒப்பந்தப் படிவம் அனுப்பியிருக்கிறது. அவளை மகள் மாதிரிதான் வைத்துக்கொள்ளப் போகிறோம், அப்புறம் எதற்கு மணிக்கணக்கு, கையெழுத்து என்று எனக்குத் தோன்றுகிறது. வார நாட்களில் காலை 6.30 முதல் 8.30 வரை, பிறகு பகல் 1 மணி முதல் மாலை 6.30 வரை பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டால் போதும். சனிக்கிழமை மட்டும் இரவு 7 முதல் 11.30. மற்ற நேரத்தில் வீட்டு வேலையில் கொஞ்சம் கைகொடுத்தால் நன்றாக இருக்கும். கணவர் ஹாலில் கேமரா வைக்க வேண்டும் என்கிறார். நான் இரண்டு நாள் லீவு போட்டிருக்கிறேன், போதுமா? வேறு என்னவெல்லாம் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும்? இன்னொன்று, கணவரிடம்கூடச் சொல்லவில்லை: மகன் அவளிடம் ஒட்டிக்கொண்டு என்னை மறந்துவிடுவானோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: 'மகள் மாதிரி' என்ற இடத்தில்தான் உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படித்தேன். ஓபேர்களையும் குடும்பங்களையும் சேர்த்துவைக்கும் வேலையில் 14 வருடமாக இருக்கிறேன். பஞ்சாயத்துக்கு என்னைக் கூப்பிட்ட வீடுகளில் பெரும்பாலானவை நல்லவர்கள் வீடுகள்தான். கொடுமைக்காரர்கள் என்று சொல்லத்தக்கவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். எல்லாருமே 'மகள் மாதிரிதானே பார்த்துக்கொண்டோம்' என்றுதான் பேச்சை ஆரம்பிப்பார்கள். அதில் பொய் இருக்காது.

ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். சொந்த மகளிடம் 'இன்னும் அரை மணி நேரம் தம்பியைப் பார்த்துக்கோ' என்றால், 'முடியாது போம்மா' என்று சொல்லிவிட்டு ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். இந்தப் பெண் அப்படிச் சொல்ல மாட்டாள். சிரித்துக்கொண்டே சரி என்பாள். படுக்க இடம், சாப்பாடு, கைச்செலவுப் பணம், விசா எல்லாமே உங்கள் கையில் இருக்கும்போது அவளால் வேறு என்ன சொல்ல முடியும்? மகளுக்கும் அவளுக்கும் உள்ள வித்தியாசம் அந்த ஒரு 'முடியாது'தான். அவள் வாயால் சொல்லத் தயங்குவதை அவளுக்காகச் சொல்லி வைப்பதுதான் ஒப்பந்தத் தாள். அதனால் கையெழுத்துப் போடுங்கள். போடுவதற்கு முன்னால் அவளோடு வீடியோ காலில் உட்கார்ந்து வரிவரியாகப் படியுங்கள்.

ஐரோப்பிய கவுன்சில் (Council of Europe) என்ற நாடுகளின் அமைப்பு 1969 நவம்பரில் ஸ்ட்ராஸ்பர்கில் ஓபேர்களுக்கென்று ஓர் உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. இரு தரப்பின் உரிமைகளும் கடமைகளும் எழுத்தில் இருக்க வேண்டும், அதுவும் அந்த இளைஞர் தன் நாட்டைவிட்டுக் கிளம்புவதற்கு முன்பே முடிந்துவிட்டால் நல்லது என்று அதிலேயே இருக்கிறது. கிளம்புவதற்கு முன்பு என்று அவர்கள் எழுதியது காரணத்தோடுதான். பெட்டியோடு வாசலில் வந்து இறங்கிய பிறகு பேரம் பேசும் தெம்பு யாருக்கும் இருக்காது. 'ஓபேர்' என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கே சரிசமமாக என்றுதான் பொருள். அந்தப் பொருள் தேய்ந்துபோனால் என்ன ஆகும் என்பதற்கு நார்வே ஓர் உதாரணம். கலாச்சாரப் பரிமாற்றம் என்ற பெயரில் குறைந்த காசுக்கு வீட்டு வேலை வாங்கப்படுகிறது என்ற புகார் அங்கே பல வருடம் ஓடி, கடைசியில் 2024 மார்ச்சில் திட்டத்தையே மூடிவிட்டார்கள்.

சரி, உங்கள் அட்டவணைக்கு வருகிறேன். கூட்டிப் பார்த்தீர்களா? நான் பார்த்தேன். ஒரு நாளைக்கு ஏழரை மணி நேரம், ஐந்து நாளைக்கு 37.5, சனிக்கிழமை இரவு 4.5, ஆக மொத்தம் 42. எந்த நாட்டிலிருந்து எழுதுகிறீர்கள் என்று குறிப்பிடவில்லை. அமெரிக்காவாக இருந்தால் இது வரம்புக்குள் வரும். அங்கே வாரத்துக்கு 45 மணி நேரம், நாளைக்கு 10 மணி நேரம் வரை போகலாம். ஜெர்மனி என்றால் வாரத்துக்கு 30, நாளைக்கு 6 தான். பிரான்சில் வாரத்துக்கு 25. அந்த 1969 உடன்படிக்கை சொன்னது நாளைக்கு 5 மணி நேரம். ஆக, 'இவ்வளவு பார்த்தால் போதும்' என்று நீங்கள் எழுதியிருப்பது ஒரு நாட்டில் சட்டப்படி சரி, இன்னொரு நாட்டில் சட்டமீறல். உங்கள் ஊர் விதியை ஏஜென்சியிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தெரிந்தவர்கள் வீட்டில் இப்படித்தான் செய்தார்கள் என்பதை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

சனிக்கிழமை இரவைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. 'பிள்ளைகள்தான் தூங்கிவிடுவார்களே, அவள் சும்மாதானே உட்கார்ந்திருப்பாள்' என்று நிறையப் பேர் சொல்வார்கள். வெளியே போக முடியாது, காதில் ஹெட்போன் மாட்ட முடியாது, அசந்து தூங்க முடியாது. அப்படியென்றால் அது வேலை நேரம்தான். எண்ணுங்கள்.

அதைவிட முக்கியம், 6.30 என்றால் 6.30. ஒரு வீட்டில் நான் கண்ணால் பார்த்தது. மாலை 7 மணிக்கு அந்தப் பெண்ணுக்கு மொழி வகுப்பு. அம்மா 6.15க்கு வந்துவிடுவதாக ஏற்பாடு. நான் வேறு ஏதோ காகிதம் கொடுக்கப் போயிருந்தேன். 6.40 ஆகியும் அம்மாவைக் காணோம். 'பத்து நிமிஷம்' என்று போனில் செய்தி. அந்தப் பெண் கோட்டைப் போட்டுக்கொண்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, இடுப்பில் குழந்தையோடு வாசல்பக்கமே நின்றுகொண்டிருந்தாள். குழந்தை அவள் கோட்டுப் பித்தானை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தது. 7.05க்கு அம்மா வந்தார், மன்னிப்புக் கேட்டார், மனதாரத்தான் கேட்டார். அந்த வாரத்தில் அது நான்காவது முறை. அடுத்த மாதம் அவள் வேறு குடும்பம் கேட்டு எனக்கு எழுதியபோது அந்த அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. 'ஒரு நாள்கூட அவளிடம் முகம் சுளித்ததில்லையே' என்றார். உண்மைதான், சுளித்ததில்லை.

நேரமாகிவிட்டால் அந்த நேரத்தைத் திருப்பிக் கொடுங்கள். ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். வியாழக்கிழமை 40 நிமிடம் கூட ஆகிவிட்டதென்றால் வெள்ளிக்கிழமை 40 நிமிடம் முன்னதாக விடுங்கள், அவள் கேட்காமலேயே. வகுப்பு நாளில் மட்டும், பிறகு திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று நினைத்துக்கூடத் தாமதிக்காதீர்கள். வகுப்பு அவள் வந்ததற்கான காரணங்களில் ஒன்று.

'வீட்டு வேலையில் கொஞ்சம் கைகொடுத்தால்' என்கிறீர்கள். இந்தக் 'கொஞ்சம்' என்ற சொல்லுக்கு நான் எப்போதும் பயப்படுவேன், ஏனென்றால் அதற்கு அளவே கிடையாது. அமெரிக்காவில் பிள்ளைகள் சம்பந்தப்பட்ட வேலை மட்டும்தான்: அவர்கள் துணி, அவர்கள் சாப்பாடு, அவர்கள் சிந்திக் கொட்டியது. ஜெர்மனியில் குடும்பத்தின் இலகுவான வீட்டு வேலையும் சேரும், ஆனால் அதுவும் அந்த 30 மணி நேரத்துக்குள்தான். உங்கள் கணவர் சட்டைக்கு இஸ்திரி போடுவது, ஜன்னல் துடைப்பது, கார் கழுவுவது எதுவும் எங்கேயும் வேண்டாம். எல்லாரும் சாப்பிட்ட மேஜையை எல்லாரும் சேர்ந்து எடுத்துவைப்பது வேறு. நீங்கள் எழுந்து போய் சோபாவில் உட்கார்ந்துவிட, அவள் மட்டும் எடுத்துவைப்பது வேறு. இந்த வித்தியாசம் உங்கள் 5 வயது மகளுக்கே புரியும்.

சாப்பாடு என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. வந்து மூன்று வாரம் ஆன ஒரு பெண் போனில் குரலைத் தாழ்த்திக்கொண்டு என்னிடம் கேட்டாள்: 'நான் ஃப்ரிட்ஜைத் திறக்கலாமா?' அதுவரை அவர்கள் தட்டில் வைத்ததை மட்டும் சாப்பிட்டிருக்கிறாள். இரவில் பசித்தால் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்திருக்கிறாள். அந்த வீட்டு அம்மாவிடம் சொன்னபோது அவருக்கு அழுகையே வந்துவிட்டது. வந்த அன்றே 'உன் வீடு மாதிரி நினைத்துக்கொள்' என்று சொல்லியிருக்கிறார். அப்படிச் சொன்னால் போதாது. முதல் நாளே அவளைக் கூட்டிக்கொண்டு போய் ஃப்ரிட்ஜைத் திறந்து, 'இது எல்லாருக்கும், எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள். இந்த டப்பா மட்டும் குழந்தைக்கு, நாளைக் காலைக்கு. உனக்கு இஷ்டமானது எது என்று சொல், வாங்கிவைக்கிறோம்' என்று கையைக் காட்டிச் சொல்லுங்கள். வாஷிங் மெஷின், ஹீட்டர், எத்தனை மணி வரை குளிக்கலாம், சிநேகிதியை வீட்டுக்கு அழைத்து வரலாமா, இரவு தங்கவைக்கலாமா, எல்லாமே இப்படித்தான். உங்களுக்கு இதெல்லாம் சொல்லித் தெரிய வேண்டியதா என்று தோன்றும். ஆமாம், சொல்லித்தான் தெரிய வேண்டும். வீட்டுக்கு வீடு கதவு திறக்கும் பக்கம்கூட வேறாக இருக்கிறது.

அவள் அறையை அவள் உள்ளேயிருந்து பூட்ட முடிய வேண்டும். பிள்ளைகள் உட்பட எல்லாரும் தட்டிவிட்டுத்தான் நுழைய வேண்டும். கேமரா பற்றி: ஹாலில் வைப்பதென்றால், இருக்கிறது என்பதை அவள் வருவதற்கு முன்பே சொல்லுங்கள், எங்கே இருக்கிறது என்று காட்டுங்கள். அவள் அறையிலும் குளியலறையிலும் பேச்சுக்கே இடமில்லை. ஒளித்துவைத்த கேமரா ஒரு நாள் தெரியவந்தால், அதோடு அந்த வீட்டில் நம்பிக்கை முடிந்தது. உங்கள் நாட்டுச் சட்டம் அதற்கு என்ன சொல்கிறது என்பதையும் கணவரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். பாஸ்போர்ட்டை 'பத்திரமாக இருக்கட்டும்' என்று நீங்கள் வாங்கி வைக்கவே வைக்காதீர்கள். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு கட்டாய உழைப்பின் அடையாளங்கள் என்று 11 விஷயங்களைச் சொல்கிறது. அடையாள ஆவணங்களைப் பிடுங்கி வைத்துக்கொள்வது அதில் ஒன்று. உங்கள் மனதில் அப்படி எதுவும் இருக்காது, தெரியும். வேண்டுமானால் பூட்டும் இழுப்பறை ஒன்று கொடுத்து, சாவியை அவளிடமே விடுங்கள்.

இரண்டு நாள் லீவு போதாது. அமெரிக்க விதிப்படி, ஓபேர் வந்த முதல் மூன்று நாட்கள் பெற்றோரோ பொறுப்பான வேறொரு பெரியவரோ வீட்டில் இருந்தே ஆக வேண்டும். அங்கே 2 வயதுக்கு உட்பட்ட குழந்தை உள்ள வீட்டுக்கு அனுப்ப வேண்டுமென்றால், சிறு குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட அனுபவம் குறைந்தது 200 மணி நேரம் இருப்பதற்கு ஆதாரமும் வேண்டும். உங்கள் மகன் 14 மாதம். உங்கள் நாட்டில் விதி இல்லாவிட்டாலும் இந்த அனுபவத்தை விசாரியுங்கள். என்னைக் கேட்டால் யாராவது ஒருவர் ஒரு வாரமாவது வீட்டில் இருங்கள், முடிந்தால் இரண்டு. முதல் இரண்டு நாள் நீங்கள் செய்யுங்கள், அவள் பார்க்கட்டும். அடுத்த இரண்டு நாள் அவள் செய்யட்டும், நீங்கள் பக்கத்தில் இருங்கள். அப்புறம் ஒரு மணி நேரம் வெளியே போய்விட்டு வாருங்கள்.

பாதுகாப்பில் மட்டும் சங்கோஜம் வேண்டாம். குளிக்கவைக்கும்போது காலிங்பெல் அடித்தாலும் போன் அடித்தாலும் குழந்தையைத் தொட்டியில் விட்டுவிட்டு வரக் கூடாது என்பதை முதல் நாளே நேராகச் சொல்லிவிடுங்கள். அவள் தம்பிகளை வளர்த்தவளாக இருக்கலாம், அவளுக்கே தெரிந்திருக்கலாம், பரவாயில்லை. அவசர எண், வீட்டு முகவரி, உங்கள் இருவர் எண், அலர்ஜி, பிள்ளைகளின் டாக்டர், எல்லாவற்றையும் ஒரே தாளில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் எங்கும் 112, அமெரிக்காவில் 911. ஒட்டினால் மட்டும் போதாது, முகவரியை அவளை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். பதற்றத்தில் புது மொழி நாக்கில் வராது. கார் ஓட்டுவாள் என்றால் இன்சூரன்ஸில் அவள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். கீறல் விழுந்தால் யார் செலவு என்பதை, கீறல் விழுவதற்கு முன்பே பேசிவிடுங்கள்.

இப்போது கணவரிடமும் சொல்லாத அந்த விஷயம்.

மகன் அவளிடம் ஒட்டிக்கொள்வானா? ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒட்டாவிட்டால்தான் நீங்கள் ஆபீசில் நிம்மதியாக உட்கார முடியாது. ஒரு நாள் மாலை நீங்கள் வந்து கையை நீட்டும்போது அவன் முகத்தைத் திருப்பி அவள் தோளில் புதைத்துக்கொள்வான். அன்று உங்களுக்கு வயிற்றைப் பிசையும். 14 மாதக் குழந்தை உங்களை மறந்துவிட்டதால் அப்படிச் செய்வதில்லை. ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறுவதே அந்த வயதில் பெரிய வேலை. ஐந்து நிமிடம் போனால் நீங்கள் பாத்ரூம் போனாலும் பின்னாலேயே வந்து கதவைத் தட்டுவான். அன்றைக்கு அவள்மேல் எரிச்சல் வந்தால் அது உங்கள் எரிச்சல், அவள் தப்பு அல்ல என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அதை மனதில் வைத்துக்கொண்டு, 'ஏன் அவனுக்குச் சாக்ஸ் போடவில்லை' என்று வேறு ஒன்றுக்குக் கோபித்துக்கொண்ட அம்மாக்களை நிறையப் பார்த்திருக்கிறேன். படுக்கவைப்பதோ கதை சொல்வதோ, தினமும் ஒன்றை உங்களுக்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். அது யாருக்கும் போகாது.

உண்மையான குழப்பம் வேறு இடத்தில் இருக்கிறது. நீங்கள் வீட்டுக்குள் நுழைந்துவிட்டீர்கள், அவளும் இருக்கிறாள், மணி 6.20. மகள் மேஜைமேல் ஏறுகிறாள். யார் சொல்வது? அம்மா இருக்கும்போது நான் அதட்டலாமா என்று அவள் பார்க்கிறாள். அவள்தானே பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று நீங்கள் பார்க்கிறீர்கள். மகள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு இன்னும் ஒரு படி மேலே ஏறுகிறாள். இதற்கு ஒரே வழி, வாய்விட்டுச் சொல்வது. 'இனி நான் பார்த்துக்கறேன், நீ போகலாம்' என்று பிள்ளைகள் காதில் விழும்படி தினமும் சொல்லுங்கள். சொல்லும்வரை பொறுப்பு அவளுடையது, அவள் வார்த்தைதான் செல்லும். அவள் வேண்டாம் என்றதை நீங்கள் சரி என்று மாற்றக் கூடாது. மாற்ற வேண்டுமென்றால் பிள்ளைகள் தூங்கிய பிறகு அவளிடம் தனியாகப் பேசுங்கள். மகளின் எதிரில் ஒரே ஒருமுறை அவள் சொன்னதை ரத்து செய்தால், அதற்கப்புறம் ஒரு மாதத்துக்கு 'எங்க அம்மா விடுவாங்க' என்பதுதான் பகல் முழுக்க ஓடும்.

வாரம் ஒருமுறை அரை மணி நேரம் மூன்று பேரும் உட்காருங்கள், பிள்ளைகள் இல்லாமல். 'ஏதாவது பிரச்சனையா?' என்று கேட்டால் 'இல்லை' என்றுதான் பதில் வரும். 'இந்த வாரம் எந்த நேரம் கஷ்டமாக இருந்தது?' என்று கேளுங்கள், பேச்சு வரும்.

வீட்டு நினைப்பு முதல் வாரத்தில் வராது. முதல் வாரம் எல்லாம் புதிது, போட்டோ எடுத்து அனுப்பிக்கொண்டிருப்பாள். மூன்றாவது, நான்காவது வாரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அறையைவிட்டு வெளியே வரமாட்டாள். கதவைத் தட்டி, சாப்பிட வா என்று ஒருமுறை கூப்பிடுங்கள், வராவிட்டால் விட்டுவிடுங்கள். உங்கள்மேல் கோபம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த ஊரில் வேறு ஓபேர்கள் இருந்தால் ஏஜென்சி மூலம் முன்கூட்டியே அறிமுகம் செய்துவையுங்கள். தன் மொழியில் ஒரு மணி நேரம் உங்களைப் பற்றிக் குறைசொல்லிவிட்டு வந்தால் அவளுக்குப் பாரம் இறங்கிவிடும். நல்லதுதான்.

ஒத்துவராமலும் போகலாம். ஆறு வாரம் முயன்றும் இருவருக்கும் மூச்சுமுட்டினால் ஏஜென்சியைக் கூப்பிடுங்கள். ரீமேட்ச் என்பார்கள், வேறு குடும்பம் பார்த்துக்கொடுப்பது. அது அவமானம் இல்லை, விவாகரத்தும் இல்லை. அந்த இடைவெளி நாட்களில் அவளை நடத்தும் விதத்தில் மட்டும் குறை வைக்காதீர்கள், மகள் கவனித்துக்கொண்டிருப்பாள்.

கடைசியாக, அவள் வந்து இறங்கும் நாள். குடும்பத்தோடு பலூன், பேனர் எல்லாம் தயார் செய்யும் ஆள் நீங்கள் என்று கடிதத்திலிருந்து ஊகிக்கிறேன். பேனர் இருக்கட்டும், இரவு விருந்துக்கு உறவினர்களைக் கூப்பிடாதீர்கள். அவள் ஒரு நாளுக்கு மேல் தூங்காமல் வந்திருப்பாள். வைஃபை பாஸ்வேர்டை ஒரு சீட்டில் எழுதி அவள் தலையணைமேல் வையுங்கள், முதலில் அவள் அம்மாவோடு பேசட்டும். குழாயில் வெந்நீர் எந்தப் பக்கம் என்று காட்டுங்கள். உள்பக்கப் பூட்டு எப்படித் திறக்கும் என்று அவளையே ஒருமுறை திறந்து பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம் கதவைச் சாத்திவிட்டு வந்துவிடுங்கள். மறுநாள் அவளாக எழுந்து வரும்வரை மகள் அந்தக் கதவைத் தட்டாமல் பார்த்துக்கொள்வதுதான் உங்களுக்குப் பெரிய வேலையாக இருக்கும்.